குளூட்டன் இல்லாத தீபாவளி: மாவு அரைப்பதிலிருந்து பலகாரத் தட்டு வரை

வீட்டில் ஒரு குழந்தைக்குச் சீலியாக் நோய், அதாவது கோதுமையில் உள்ள குளூட்டன் ஆகாத நோய், என்று தெரிந்த பிறகு வரும் முதல் தீபாவளிக்குப் பெரும்பாலான வீடுகளில் ஒரே ஏற்பாடுதான் நடக்கும். அந்தக் குழந்தைக்கு மட்டும் ஒரு சின்ன டப்பாவில் ஏதாவது செய்து ஒதுக்கிவிட்டு, மற்றதையெல்லாம் வழக்கம்போலச் சுட்டு அடுக்குவார்கள். இது தலைகீழான வழி. முறுக்கு, தேன்குழல், தட்டை, ரிப்பன் பகோடா, அதிரசம், மைசூர் பாகு, மாலாடு என்று எண்ணிப் பாருங்கள். நம் தீபாவளித் தட்டில் முக்கால்வாசி அரிசியும் உளுந்தும் கடலையும்தான். இவற்றில் கோதுமைக்கு வேலையே இல்லை. அது உள்ளே நுழைவது பெருங்காயம், மாவு மில், சல்லடை, எண்ணெய்ச் சட்டி என்ற நான்கு வாசல்கள் வழியாக. அவற்றை அடைத்துவிட்டால் வீட்டுப் பலகாரம் மொத்தத்தையும் எல்லோருக்கும் பொதுவாகவே செய்யலாம். தனி டப்பா தேவைப்படாது. எல்லோரும் எடுக்கும் தட்டிலிருந்தே அந்தக் குழந்தையும் எடுத்துத் தின்னும். அதற்காகத்தான் இவ்வளவு மெனக்கெடல்.

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதம். மைதா, ரவை, சேமியா, சம்பா கோதுமை எல்லாம் கோதுமையே. சீலியாக் உள்ளவருக்கு இந்தப் புரதம் உள்ளே போனால் உடலின் எதிர்ப்பு சக்தி தன் சிறுகுடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் குடல் உறிஞ்சிகள் தேய்ந்துவிடும். வயிற்று வலி வந்தாலும் வராவிட்டாலும் உள்ளே சேதம் நடக்கும். "போன தடவை சாப்பிட்டான், ஒன்றும் ஆகவில்லையே" என்பது சான்று ஆகாது.

எவ்வளவு என்றால் அதிகம்? ஒரு பண்டத்தைக் குளூட்டன் இல்லாதது என்று சொல்ல, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது. இந்தியாவிலும் இதுவே விதி. ஒரு டீஸ்பூன் மைதா சுமார் 3 கிராம். அதில் பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்று வைத்தால் 300 மில்லிகிராம். அந்த ஒரு டீஸ்பூன் 10 கிலோ முறுக்கு மாவில் கலந்தாலும் கிலோவுக்கு 30 மில்லிகிராம் வந்து, அளவைத் தாண்டிவிடுகிறது. "கொஞ்சம்தானே" என்று சொல்லும் பெரியவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். அறிவுரையைவிட இது எளிதாகப் புரியும்.

பெருங்காயம்

முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கடையில் கிடைக்கும் பெருங்காயம் பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அசல் பிசினோடு கருவேலம் பிசினும் ஏதாவது ஒரு மாவும் கலந்தது. அந்த மாவு பல தயாரிப்புகளில் கோதுமை அல்லது மைதா. தூளில் மட்டும்தான் கலப்பு, கட்டிப் பெருங்காயம் சுத்தம் என்று நம்பிவிட வேண்டாம். கட்டியிலும் மாவு சேர்ப்பது உண்டு. டப்பாவின் பின்புறம் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். அரிசி மாவு சேர்த்தவையும் கிடைக்கின்றன. அப்படிக் கிடைக்காவிட்டால் பெருங்காயத்தையே விட்டுவிடுங்கள். முறுக்கில் ஓமம் அல்லது சீரகம் போதும். தட்டையில் நசுக்கிய பூண்டும் கறிவேப்பிலையும் வாசனையை ஈடுகட்டிவிடும்.

பழைய டப்பாவைக் கழுவிப் புதியதை அதில் கொட்ட வேண்டாம், டப்பாவையே மாற்றிவிடுங்கள். பெருங்காயம் ஒளிந்திருக்கும் மற்ற இடங்களையும் நினைவில் வையுங்கள். கடை ஊறுகாய், ரசப்பொடி, சாம்பார்ப்பொடி, இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல் எல்லாவற்றிலும் அது இருக்கக்கூடும். மாவு அரைப்பதில் அத்தனை கவனம் எடுத்துவிட்டு, தீபாவளி காலை இட்லிக்குப் பழைய பொடியைத் தொட்டுக்கொள்ளக் கொடுப்பது சாதாரணமாக நடக்கும் தவறு.

மாவு

தெரு மில்லில் உங்கள் அரிசிக்கு முன்னால் யாருடைய கோதுமை அரைபட்டது என்று உங்களால் சொல்ல முடியாது. இயந்திரத்திலும் அதன் துணிப்பையிலும் முந்தைய மாவு தங்கியிருக்கும். "முதல் கால் கிலோவைத் தள்ளிவிடுகிறோம்" என்று மில்காரர் சொன்னாலும், மேலே காட்டிய கணக்குப்படி அது போதாது. பாக்கெட் அரிசி மாவு, கடலை மாவு, சிறுதானிய மாவு ஆகியவற்றிலும் இதே சிக்கல். கம்பு, கேழ்வரகு, தினை, சாமை எதிலும் இயல்பில் குளூட்டன் கிடையாது. கோதுமை ஓடும் இயந்திரத்தில் அவற்றையும் அரைத்தால் சுத்தம் போய்விடும். ஆகவே முழுத் தானியமாக வாங்கி வீட்டு மிக்சியில் அரைப்பதே நல்லது. குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட பாக்கெட் மாவு கிடைத்தால் வாங்கலாம், விலை கூடுதலாக இருக்கும்.

அரிசி, உளுந்து, கடலைப்பருப்பு எல்லாவற்றையும் தட்டில் பரப்பிக் கண்ணால் பாருங்கள். மூட்டையில் ஓரிரு கோதுமை மணிகள் கிடப்பது அபூர்வமல்ல. பொறுக்கியபின் இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, துணியில் பரப்பி நன்றாக உலர்த்துங்கள். ஐப்பசி மழை நேரம் என்பதால் உலர நாள் பிடிக்கும். தீபாவளிக்குப் பத்து நாள் முன்பே இதை முடித்துவிடுங்கள். மிக்சி ஜாடியில் சப்பாத்தி மாவுக்கோ ரவைக்கோ வேலை இருந்திருந்தால், மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றி, அதன் பள்ளத்தைப் பிரஷ் போட்டுக் கழுவுங்கள்.

சல்லடையைக் கழுவிச் சரிசெய்ய முடியாது. கம்பிக் கண்களில் மாவு இறுகி நின்றுவிடும். ஒரு புதுச் சல்லடை வாங்கி, பிடியில் சிவப்புத் துணி கட்டித் தனியாகத் தொங்கவிடுங்கள். முறுக்கு நாழி பித்தளையோ ஸ்டீலோ என்றால் பிரித்துத் தேய்த்துக் கழுவிப் பயன்படுத்தலாம். மர நாழி, சப்பாத்திப் பலகை, மரக் கரண்டி போன்றவை மாவை உறிஞ்சி வைத்திருக்கும். அவற்றைத் தொட வேண்டாம்.

அடுப்படியில்

குளூட்டன் சூட்டில் அழியாது. எண்ணெய் எவ்வளவு கொதித்தாலும், பூரி பொரித்த எண்ணெய் பூரி பொரித்த எண்ணெய்தான். பலகாரத்துக்குப் புது எண்ணெயில் தொடங்குங்கள். சோமாசி, பாதுஷா போன்ற மைதாப் பலகாரம் வீட்டில் கண்டிப்பாக வேண்டும் என்றால் அதைக் கடைசி நாளுக்குத் தள்ளுங்கள். அதற்குள் மற்றவை எல்லாம் ஆறி, டப்பாவில் மூடப்பட்டு வேறு அறைக்குப் போயிருக்க வேண்டும். மைதாவைச் சலித்தாலே தூசி எழுந்து காற்றில் நின்று மெல்லப் படியும். அதே நேரத்தில் பக்கத்து அடுப்பில் திறந்த சட்டியில் பாகு கொதிக்கக்கூடாது. மைதாப் பலகாரத்தை அந்த வருடம் கடையில் வாங்கி, மூடிய பெட்டியோடு தனி மேசையில் வைத்துவிடுவது இன்னும் எளிது. இந்த வழியையே முதலில் எடுங்கள்.

முறுக்கு

அரிசி மாவு 4 கப், வறுத்து அரைத்த உளுத்தம் மாவு 1 கப், வெண்ணெய் 50 கிராம், எள் அல்லது சீரகம் 2 டீஸ்பூன், உப்பு. உளுந்தைச் சிவக்கவிடாமல் வாசனை வரும்வரை மட்டும் வறுத்து, ஆறவைத்து அரைத்து, புதுச் சல்லடையில் இருமுறை சலியுங்கள். சலிக்காத குருணை முறுக்கை எண்ணெயில் வெடிக்க வைக்கும். மாவில் முதலில் வெண்ணெயைத் தேய்த்துப் பிசறி, பிறகு தண்ணீர் தெளியுங்கள். மொத்த மாவையும் ஒரே தடவை பிசையக்கூடாது. பிசைந்த மாவு வெகுநேரம் இருந்தால் முறுக்கு சிவந்துபோய் எண்ணெயும் குடிக்கும்.

பிழியும்போது இழை அறுந்தால் தண்ணீர் குறைவு. முறுக்கு கடினமாக இருந்தால் வெண்ணெய் போதவில்லை அல்லது உளுந்து கூடிவிட்டது. எண்ணெய் குடித்தால் வெண்ணெய் கூடியிருக்கும் அல்லது எண்ணெய் காயவில்லை. இழை அறும்போது "ஒரு பிடி மைதா போடு, ஒட்டிக்கொள்ளும்" என்று யாராவது சொல்வார்கள். அதற்குப் பதில் ஒரு கைத் தண்ணீர் தெளித்துப் பிசைந்தால் போதும்.

அதிரசம்

கோதுமை சத்தமில்லாமல் நுழையும் பலகாரம் இது. எண்ணெயில் அதிரசம் பிரிந்துபோனால் மாவில் கொஞ்சம் மைதாவோ கோதுமை மாவோ சேர்த்துச் சரிக்கட்டுவது பல வீடுகளில் பழக்கம். யாரும் அதைச் சேர்மானமாகவே நினைப்பதில்லை என்பதால், கேட்டால் "அரிசியும் வெல்லமும்தான்" என்று மனசாரச் சொல்லுவார்கள். அதனால் பிறர் வீட்டு அதிரசத்தை ஏற்கும் முன் இந்த ஒரு கேள்வியைத் தனியாகக் கேளுங்கள்.

வீட்டில் செய்ய மாவுப் பச்சரிசி 1 கிலோ, வெல்லம் முக்கால் கிலோ. அரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து வடித்து, நிழலில் துணியில் பரப்புங்கள். தொட்டால் ஈரம் தெரிய வேண்டும், கையில் தண்ணீர் ஒட்டக்கூடாது. அந்தப் பதத்தில் சிறிது சிறிதாக அரைத்துச் சலியுங்கள். மாவைப் பிடித்தால் கொழுக்கட்டைபோல் நிற்கும். வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, பாகு வையுங்கள். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் திரட்டினால் மெத்தென்று உருண்டு வர வேண்டும். உடனே இறக்கி ஏலக்காய், சுக்கு போட்டு, மாவைத் தூவித் தூவிக் கிளறுங்கள். தளர்ந்த களிபோல் இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள், மாவு மிஞ்சினாலும் பரவாயில்லை. ஆற ஆற இறுகும். மேலே நெய் தடவி மூடி, ஒன்று அல்லது இரண்டு நாள் வையுங்கள்.

முதலில் ஒன்றே ஒன்றைத் தட்டி, மிதமான எண்ணெயில் போட்டுப் பாருங்கள். பிரிந்தால் பாகு இளசு அல்லது மாவில் ஈரம் அதிகம். மிஞ்சிய அரிசி மாவை உலர்த்தி ஒவ்வொரு கரண்டியாகச் சேர்த்துப் பிசைந்து, இரண்டு மணி நேரம் விட்டு மறுபடி பாருங்கள். கல்லாக வந்தால் பாகு முற்றிவிட்டது. வெதுவெதுப்பான பால் ஒரு கரண்டி தெளித்துப் பிசைந்தால் ஓரளவு இளகும். பொரித்ததும் இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கு இடையே அழுத்தி எண்ணெயை எடுத்துவிடுங்கள்.

மாற்றியும் விட்டும்

ரவா லாடுக்குப் பதில் மாலாடு. பொட்டுக்கடலை மாவு 1 கப், பொடித்த சர்க்கரை முக்கால் கப், உருக்கிய சூடான நெய் கால் கப்பிலிருந்து பிடிக்க வரும்வரை. கேசரி ஆசை இருந்தால் அவலை நெய்யில் வறுத்து, ரவையாகப் பொடித்துச் செய்யலாம். சேமியா பாயசத்துக்கு மாற்றாக ஜவ்வரிசி பாயசம்.

சோமாசியையும் போளியையும் அரிசி மாவில் முயலுவது வீண் உழைப்பு. அவற்றின் மேல்மாவு இழுபட்டு மெலிவதே குளூட்டனால்தான். அரிசி மாவு வெடித்துப் பூரணம் எண்ணெயில் கொட்டும். அதே கடலைப்பருப்புப் பூரணத்தைச் சுகியமாகச் செய்யுங்கள். பச்சரிசியும் உளுந்தும் சம அளவு, 2 மணி நேரம் ஊறவைத்து, சிட்டிகை உப்போடு கெட்டியாக நைஸாக அரைத்த மாவில் உருண்டைகளைத் தோய்த்துப் பொரித்தால் மைதாச் சுகியத்தைவிட மேல்தோல் மொறுமொறுப்பாக வரும். மாவு நீர்த்திருந்தால் உருண்டையில் நிற்காது.

குலாப் ஜாமூன் மிக்ஸ் பாக்கெட்டுகளில் மைதா இருக்கும், அதைத் தள்ளுங்கள். சர்க்கரை சேர்க்காத கோவா 200 கிராமுக்கு ஆரோரூட் மாவு 3 டேபிள்ஸ்பூன் சேர்த்து, கட்டி தட்டாமல் பிசைந்து, சிறு தீயில் ஒன்றைப் பொரித்துப் பாருங்கள். கரைந்தால் இன்னும் ஒரு ஸ்பூன் ஆரோரூட்.

கடை இனிப்பு

பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் சரக்கு வேறு. ஜாங்கிரி உளுந்தில் செய்வது, ஜிலேபி மைதா. திருநெல்வேலி அல்வா கோதுமைப் பாலில் கிண்டுவது, திருவையாற்று அசோகாவில் பாசிப்பருப்போடு கோதுமை மாவும் உண்டு. இரண்டும் வேண்டாம். சோன் பப்டியிலும் பெரும்பாலும் மைதா இருக்கும். ஜாங்கிரியே ஆனாலும் பாதுஷா பொரித்த சட்டியில் அது பொரிபட்டிருக்கலாம், கேட்காமல் வாங்காதீர்கள். பரிசாக வரும் கலப்புப் பெட்டியிலிருந்து லட்டை மட்டும் பொறுக்கித் தருவதும் கூடாது. பக்கத்து பாதுஷாவின் தூள் அதில் ஒட்டியிருக்கும்.

தீபாவளி லேகியம் இஞ்சி, மிளகு, ஓமம், கண்டதிப்பிலி, வெல்லம், நெய்யில் வீட்டிலேயே கிளறினால் எல்லோருக்கும் ஆகும்.

உறவினர் வீட்டுக்குப் போகும்போது

வாசலில் நின்று விளக்கம் சொல்வதைவிட, முந்தின நாள் போனில் "அத்தை, அவனுக்குப் பலகாரம் நானே கொண்டு வர்றேன், எல்லோருக்கும் சேர்த்தே கொண்டு வர்றேன்" என்று சொல்லிவிடுங்கள். எல்லோருக்கும் என்றதும் ஒதுக்கியதாக யாருக்கும் தோன்றாது. தட்டு, கரண்டி புதிதாகக் கழுவியதா என்று பாருங்கள். பந்தியில் பூரிக்குப் போட்ட கரண்டி குருமாப் பாத்திரத்துக்குள் போகும் முன் அந்தக் குழந்தைக்கு முதலில் பரிமாறச் சொல்லுங்கள். இட்லி பாதுகாப்பானது. தோசையைக் கேட்கும் முன் அந்தக் கல்லில் சப்பாத்தி போடுவார்களா என்று கேளுங்கள். கறிக்குழம்பில் கடை மசாலாப் பொடி சேர்த்திருந்தால் பாக்கெட்டை வாங்கிப் படியுங்கள்.

பாட்டி ஆசையாகச் செய்ததைக் குழந்தை மறுக்கும்போது மனம் நோகும். அதற்கு ஒரு வழி உண்டு. அடுத்த முறை பலகாரம் சுடும் நாளிலேயே பாட்டியை உங்கள் வீட்டுக்கு அழைத்து, புதுச் சல்லடையையும் கழுவிய நாழியையும் கையில் கொடுத்துவிடுங்கள். அன்று பாட்டி பிழியும் முறுக்கைப் பேரன் எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்திலேயே நின்று சூட்டோடு எடுத்துத் தின்னலாம்.