ரெண்டர் படத்தைப் புகைப்படத்தில் பொருத்துதல்: ஆல்ஃபாவைக் கையாளும் முறை

முப்பரிமாண மென்பொருளில் உருவாக்கிய ஒரு பொருளைப் புகைப்படத்தின் மேல் அமர்த்த விரும்புவோரில் பலர், அதைப் பச்சை அல்லது வெள்ளைப் பின்னணியோடு ரெண்டர் செய்துவிட்டு (அதாவது மென்பொருள் கணக்கிட்டுத் தரும் படமாக எடுத்துவிட்டு), பிறகு அந்தப் பின்னணியை வெட்டி நீக்க முயல்கிறார்கள். இது வீண் உழைப்பு. எது பொருள், எது பின்னணி என்பது கேமராவுக்குத் தெரியாததால்தான் படப்பிடிப்பில் பச்சைத் திரை தேவைப்படுகிறது. ரெண்டர் செய்யும் மென்பொருளுக்கோ, ஒவ்வொரு பிக்சலிலும் பொருள் எவ்வளவு பரப்பை மூடியிருக்கிறது என்பது கணக்கின் ஊடாகவே தெரிந்துவிடுகிறது. அந்த அளவைச் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுடன் நான்காவது சேனலாகச் சேமிப்பதே ஆல்ஃபா. அதன் மதிப்பு 1 என்றால் பிக்சல் முழுவதும் மூடப்பட்டிருக்கிறது, 0 என்றால் அங்கே எதுவும் இல்லை. இடைப்பட்ட மதிப்புகள் பெரும்பாலும் பொருளின் ஓரங்களில் வருபவை.

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ரெண்டர் செய்யும் பகுதியான சைக்கிள்ஸைக் கொண்டு, எரியும் எண்ணெய் விளக்கு ஒன்றை வீட்டுத் திண்ணையின் புகைப்படத்தில் வைப்பதாகக் கொள்வோம். நிழல், முன்னால் மறைக்கும் தூண், ஒளிரும் சுடர் என்று இந்த வேலையின் முக்கியமான சிக்கல்கள் எல்லாம் இந்த ஒரே படத்தில் வந்துவிடுகின்றன.

முதலில் ரெண்டர் அமைப்புகளில் ‘ஃபிலிம்’ பகுதிக்குச் சென்று ‘டிரான்ஸ்பரன்ட்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காட்சியைச் சூழ்ந்து ஒளி தருவதற்காக வைத்த சுற்றுச்சூழல் படத்தின் ஒளி விளக்கின் மேல் தொடர்ந்து விழும். ஆனால் அந்தப் படம் பின்னணியாகத் தெரியாது. விளக்கின் அடியில் ஒரு தட்டையான தளத்தை வைத்து, அதன் அமைப்புகளில் ‘ஷேடோ கேச்சர்’ என்பதை இயக்கினால், தளம் மறைந்து அதன் மேல் விழும் நிழல் மட்டும் ஆல்ஃபாவுடன் கிடைக்கும். புகைப்படத்திலுள்ள தூண் விளக்கின் ஒரு பகுதியை மறைக்க வேண்டுமானால், தூணின் அளவுக்கு ஓர் உருளையைச் செய்து, அதற்கு ‘ஹோல்டவுட்’ கொடுக்கலாம். அந்த இடத்தில் ஆல்ஃபா 0 ஆகிவிடுவதால் பின்னாலுள்ள புகைப்படத்தின் தூண் தானாகவே தெரியும். தூணின் விளிம்பைக் கையால் வெட்டும் வேலை மிச்சமாகும்.

அடுத்தது சேமிப்பு. ஜேபெக் கோப்பில் ஆல்ஃபாவுக்கு இடமே இல்லை. பிஎன்ஜி கோப்பில் உண்டு, ஓப்பன்இஎக்ஸ்ஆர் (சுருக்கமாக இஎக்ஸ்ஆர்) கோப்பிலும் உண்டு. ஆனால் இரண்டும் நிறத்தை வைத்திருக்கும் முறை வேறு. ஓரத்தில் பாதி மட்டும் மூடப்பட்ட பித்தளை நிறப் பிக்சல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் உண்மையான நிறம் 0.8, 0.6, 0.2, ஆல்ஃபா 0.5. பிஎன்ஜி இந்த நிறத்தை அப்படியே எழுதி வைக்கும். இஎக்ஸ்ஆர், நிறத்தை ஆல்ஃபாவால் முன்கூட்டியே பெருக்கி, 0.4, 0.3, 0.1 என்று எழுதி வைக்கும். தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் 1984இல் வெளியிட்ட கட்டுரை முன்னிறுத்தியது இந்த இரண்டாவது முறையைத்தான், ஏனெனில் இதில் மேற்படத்தைக் கீழ்ப்படத்தின் மேல் வைக்கும் கணக்கு மிக எளிது: கீழ்ப்படத்தை (1 − ஆல்ஃபா) என்பதால் பெருக்கி, மேற்படத்தைக் கூட்டினால் போதும்.

இணைப்பின் ஓரங்களில் தோன்றும் அசிங்கமான கோடுகளுக்கு முக்கியக் காரணம் இந்த இரண்டு முறைகளும் குழம்புவதுதான். முன்பே பெருக்கிய படத்தை மென்பொருள் மறுபடியும் பெருக்கினால் விளக்கைச் சுற்றிக் கருப்பு ஓரம் தோன்றும். பெருக்க வேண்டிய படத்தைப் பெருக்காமல் கூட்டினால் ஓரம் வெளிறிப் பளிச்சிடும். எனவே ஓரத்தை அழிப்பான் கொண்டு சுரண்டுவதற்கு முன், கோடு கருப்பா வெளுப்பா என்று பார்த்து, பிளெண்டரில் அந்தப் படத்தின் ஆல்ஃபா முறையைச் சரிபார்க்க வேண்டும். பிளெண்டரில் படங்களை இணைக்கும் பகுதியான கம்போசிட்டரில், ‘ஆல்ஃபா கன்வெர்ட்’ நோடு (ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் கட்டம்) ஒரு முறையிலிருந்து மற்றதற்கு மாற்றித் தரும். ‘ஆல்ஃபா ஓவர்’ நோடு இணைப்பைச் செய்யும்.

எந்த வேலையை எந்த நிலையில் செய்ய வேண்டும் என்பதும் முக்கியம். நிறத் திருத்தத்தைப் பெருக்காத நிறத்தின் மேல்தான் செய்ய வேண்டும். இல்லையென்றால், கரும்பகுதிகளைச் சற்று வெளிச்சமாக்கினாலே விளக்குக்கு வெளியே உள்ள வெற்றிடத்திலும் மெல்லிய சாம்பல் படலம் படரும். மங்கலாக்குவதையும் அளவு மாற்றுவதையும் பெருக்கிய நிறத்தின் மேல் செய்ய வேண்டும். இல்லையென்றால் வெற்றிடப் பிக்சல்களில் கிடக்கும் பொருளற்ற நிறம் ஓரத்தில் கசியும்.

சுடரில் பிஎன்ஜி கைவிட்டுவிடும். ஒளியை மட்டும் வெளியிட்டு எதையும் மறைக்காத சுடரின் ஆல்ஃபா 0. நிறமோ 0 அல்ல. பெருக்கிய முறையில் இது முற்றிலும் இயல்பானது: கீழ்ப்படம் குறையாமல் அதன் மேல் ஒளி மட்டும் கூடும். பிஎன்ஜிக்காக அதைப் பெருக்காத நிலைக்கு மாற்ற வேண்டுமானால் 0 ஆல் வகுக்க வேண்டியிருக்கும், எனவே சுடர் காணாமல் போகும். நெருப்பு, ஒளிவட்டம் போன்றவை உள்ள எந்தப் படத்தையும் இஎக்ஸ்ஆரில் வைப்பதே நல்லது.

விளக்கின் பித்தளையை மட்டும் தனியே திருத்த, ‘கிரிப்டோமேட்’ என்ற பாஸை (ரெண்டருடன் கிடைக்கும் கூடுதல் தரவுப் படத்தை) இயக்கினால், பொருள்வாரியாகவோ மெட்டீரியல்வாரியாகவோ ஓரம் பிசகாத மாஸ்க், அதாவது திருத்தம் எங்கே பட வேண்டும் என்று வரையறுக்கும் படம், கிடைக்கும். கோப்பாகச் சேமிப்பதானால் அதை 32 பிட் மிதவைப் புள்ளி (ஃப்ளோட்) எண்களாக, தரம் குறைக்காத சுருக்கத்துடன் சேமிக்க வேண்டும். அதன் எண்கள் பொருள்களின் அடையாளங்கள் என்பதால், சிறிது மாறினாலும் மாஸ்க் சிதையும். கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் வேலையைத் தொடர்பவர்கள், அழிப்பதற்குப் பதில் லேயர் மாஸ்க்கைப் பயன்படுத்தலாம். அதில் வெள்ளை காட்டும், கருப்பு மறைக்கும், தவறினால் மீட்டுக்கொள்ளவும் முடியும்.

இன்னொன்று: காட்சியின் ஒளி மதிப்புகளைத் திரைக்கேற்ற நிறங்களாக மாற்றுவதற்கு, பிளெண்டர் 4.0 முதல் இயல்பாக இருக்கும் ஏஜிஎக்ஸ் வண்ண மாற்றம், பின்னணிப் புகைப்படத்தின் மேலும் செயல்பட்டு அதை வெளிறச் செய்யும். இணைப்பு வேலைக்கு ‘ஸ்டாண்டர்டு’ என்பதற்கு மாற்றிவிட்டு, சுடர் வெறும் வெள்ளையாகிவிட்டால் அதன் ஒளிர்வைக் குறைப்பதே என் பரிந்துரை. முடிவில், பின்னணியைக் கருப்பு, வெள்ளை, அடர்சிவப்பு என்று மாற்றி மாற்றி, 300 சதவீத உருப்பெருக்கத்தில் ஓரங்களைச் சுற்றிப் பார்க்க வேண்டும். திண்ணையின் நிறத்தில் ஒளிந்திருந்த பிழை இவற்றில் ஒன்றிலாவது வெளிப்படும்.