'வேவ்' என்னும் ஆங்கிலச் சொல்லைத் திருத்தமாக ஒலிப்பது எப்படி?

கன்னியாகுமரிக் கடற்கரையில் வெளிநாட்டுப் பயணிகளோடு பேசும் நம் இளைஞர்களுக்கு அடிக்கடி தேவைப்படும் சொல், அலையைக் குறிக்கும் 'வேவ்'. டபிள்யூ, ஏ, வி, இ என்று நான்கே எழுத்துகள்தாம். ஆனால் தமிழில் எழுதும்போது முதலிலும் கடைசியிலும் நாம் இடுகின்ற ஒரே வகரம், ஆங்கிலத்தில் இரண்டு வேறு ஒலிகளாகும்.

"பல்இதழ் இயைய வகாரம் பிறக்கும்" என்கிறது தொல்காப்பியம். அந்நூலின் அரங்கேற்றத்தைக் கேட்ட அதங்கோட்டாசான் நம் மாவட்டத்து அதங்கோட்டைச் சேர்ந்தவர் என்பது இங்குள்ளோரின் நெடுநாள் நம்பிக்கை. மேற்பல்லும் கீழுதடும் நெருங்கினாலும் நம் பேச்சு வகரத்தில் காற்று உரசுவதில்லை. ஆகவே அது டபிள்யூவாகவும் ஒலிப்பதில்லை, வியாகவும் ஒலிப்பதில்லை.

படி 1: கைக்கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் போடும் செயலிகளைவிட இதையே நான் பரிந்துரைப்பேன். இவ்விரு ஒலிகளின் வேறுபாடும் கண்ணுக்குத் தெரியக்கூடியது. கேட்டுப் பழகுவதற்குக் கேம்பிரிட்ஜ் இணைய அகராதியின் ஒலிப்பதிவு போதும்.

படி 2: விசிலடிப்பதுபோல உதடுகளைக் குவித்து 'ஊ' என்று தொடங்கி, உடனே 'ஏ'க்கு நழுவுங்கள். இடையில் உடம்படுமெய்யாக வகரம் தானே தோன்றும். அப்போது மேற்பல் உதட்டைத் தொடக் கூடாது.

படி 3: நடுவில் வருவது நம் நெடில் ஏகாரமன்று, ஏகாரத்தில் தொடங்கி இகரத்தை நோக்கி நகரும் ஒலி.

படி 4: என்னை நெடுநாள் இடறவைத்த படி இதுதான். மேற்பற்களைக் கீழுதட்டின்மேல் மெல்லப் பதித்து, குரலோடு காற்றை உரசவிட்டால் உதட்டில் கூச்சம்போல ஓர் அதிர்வு தெரியும், அதுவே வி. வகரமெய்யில் முடியும் சொற்கள் அவ், இவ், உவ், தெவ் என நான்கே என்று தொல்காப்பியம் வரையறுக்கிறது. அவையும் இன்று பேச்சில் இல்லாததால், நம் வாய் ஓர் உகரத்தைச் சேர்த்து 'வேவு' என்று முடித்துவிடுகிறது. குரல் நிற்கும் முன்பே உதடு பல்லை விட்டு விலகுவதுதான் இதற்குக் காரணம். ஆகவே குரல் முற்றிலும் அடங்கும்வரை உதட்டைப் பல்லிலிருந்து எடுக்காதீர்கள். அப்படியும் உகரம் ஒட்டினால், உயிரொலியில் தொடங்கும் 'இன்' என்பதை அடுத்துச் சேர்த்து 'வேவின்' என்று சொல்லிப் பழகி, பிறகு அந்த 'இன்'னைச் சிறிது சிறிதாக விட்டுவிடுங்கள்.

படி 5: கைப்பேசியின் குரல்வழித் தட்டச்சில், மேற்கைக் குறிக்கும் 'வெஸ்ட்', உள்சட்டையைக் குறிக்கும் 'வெஸ்ட்' ஆகிய இரண்டையும் தனித்தனியே சொல்லிப் பாருங்கள். முழு வாக்கியமாகச் சொன்னால் கருவி சூழலை வைத்து ஊகித்து எழுதிவிடும் என்பதால் அச்சோதனை பயன்படாது.

பின்சேர்க்கை: பன்மையில் தடுமாறுவதாகச் சிலர் தெரிவித்திருந்தனர். 'வேவ்ஸ்' என்பதன் இறுதியில் வருவது பாம்பு சீறும் ஸகரமன்று; குரலோடு கூடிய இஸட் ஒலி. தொண்டையில் விரலை வைத்துப் பாருங்கள்; சொல்லின் தொடக்கத்திலேயே எழும் அதிர்வு இறுதிவரை அறுபடாமல் தொடர்ந்தால் உங்கள் ஒலிப்பு சரி.