காரைக்குடி வீட்டை வைத்து நிலநடுக்க வடிவமைப்பு பழகுவோம்: தொடக்கநிலையினருக்கு

‘செட்டிநாட்டுப் பக்கம் பூகம்பமா?’ என்று கேட்டுவிட்டுத்தான் பல சிவில் மாணவர்கள் இந்தப் பாடத்தை ஓரம் கட்டுகிறார்கள். இந்திய நிலநடுக்கக் குறியீடான ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்பில் காரைக்குடி, தேவகோட்டைப் பகுதி இரண்டாம் மண்டலம். மண்டலக் காரணி (அங்கே எதிர்பார்க்கும் நடுக்கத்தின் வலுவைச் சொல்லும் எண்) 0.10. சென்னையும் கோவையும் மூன்றாம் மண்டலம், 0.16. நம் பக்கம் ஆபத்து குறைவுதான், அதற்காக இல்லை என்று ஆகிவிடாது. படிப்பவருக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. எண்கள் சிறியவை, கையாலேயே முழுக் கணக்கையும் போட்டுவிடலாம்.

தேவையானவை: ஐ.எஸ். 1893 முதல் பகுதி (நிலநடுக்க விசை), ஐ.எஸ். 13920 (நடுக்கம் தாங்கும் கம்பி விவரம்), ஐ.எஸ். 456 (கான்கிரீட்), ஐ.எஸ். 875 (சுமைகள்). இந்தியத் தர நிர்ணய அமைவனமான பி.ஐ.எஸ். தளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். திருத்தமோ புதிய பதிப்போ வந்திருக்கிறதா என்றும் அங்கேயே பார்த்துவிடுங்கள். கூடவே ஒரு கால்குலேட்டர். மென்பொருளை இப்போதைக்குத் தொடவேண்டாம்.

படி 1: ஹேக்ஸா பிளேடு

ஒரு ஹேக்ஸா பிளேடை மேசை ஓரத்தில் வைஸில் இறுக்குங்கள். 20 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். அகலப் பக்கம் செங்குத்தாக இருந்தால்தான் இடவலமாக ஆடும், எடையால் தொங்காது. நுனியில் 50 கிராம் நட்டுகளை டேப் போட்டு ஒட்டி, லேசாகத் தள்ளிவிட்டு, 20 ஆட்டத்துக்கு எத்தனை நொடி என்று பாருங்கள். வேகமாக ஆடும், ஆகவே போனில் ஸ்லோமோஷன் எடுத்து எண்ணுவது நல்லது. அடுத்து 200 கிராம் வையுங்கள். எடை நான்கு மடங்கானால் அலைவு நேரம் (ஒரு ஆட்டத்துக்கு ஆகும் நேரம்) ஏறக்குறைய இரண்டு மடங்காகும். பிளேடின் சொந்த எடையும் சேர்வதால் சரியாக இரண்டு வராது.

இப்போது 10 செ.மீ. மட்டும் நீட்டுங்கள். நீளம் பாதியானால் விறைப்பு (வளையாமல் எதிர்க்கும் திறன்) எட்டு மடங்கு. இந்த எட்டை மறந்துவிடாதீர்கள், படி 3-இல் வேலை இருக்கிறது. பிளேடு சரியாக இறுகவில்லை என்றால் எல்லா எண்ணும் தப்பாக வரும்.

படி 2: அடிவெட்டு விசை

நடுக்கத்தில் கட்டடத்தின் அடியில் பக்கவாட்டாக வரும் மொத்த விசைதான் அடிவெட்டு விசை (பேஸ் ஷியர்). தரைத்தளமும் மேலே இரண்டு தளமுமாக ஒரு கான்கிரீட் வீடு என்று வைத்துக்கொள்வோம். 12 மீ. நீளம், 9 மீ. அகலம், 9 மீ. உயரம். பில்லர்களுக்கு நடுவே செங்கல் சுவர்.

முதலில் எடை. ஸ்லாப், பீம், பில்லர், சுவர், தளப்பூச்சு முழுதாக. நேரடிச் சுமை (லைவ் லோடு: ஆட்கள், சாமான்கள்) சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் அதில் கால் பங்கு மட்டும். மொட்டைமாடியின் நேரடிச் சுமையைச் சேர்க்க வேண்டாம், தண்ணீர்த் தொட்டியைச் சேர்த்தே ஆகவேண்டும். பலரும் இங்கேதான் கோட்டைவிடுவார்கள்: ஆயிரம் லிட்டர் தொட்டி ஏறக்குறைய 10 கிலோநியூட்டன், அதுவும் உச்சியில். நம் வீட்டுக்கு முதல் இரண்டு ஸ்லாப் மட்டத்தில் தலா 1200, மொட்டைமாடியில் 900, ஆக மொத்தம் 3300 கிலோநியூட்டன்.

அடுத்து அலைவு நேரம்: 0.09 × உயரம் ÷ (நீளத்தின் வர்க்கமூலம்) = 0.81 ÷ 3.46 = 0.23 நொடி. அகலத்தின் திசையில் 0.27. இரண்டுமே 0.40-க்குக் கீழே. ஆகவே அடியில் சரளையோ, கண்மாய் ஓரத்துக் களிமண்ணோ, முடுக்கக் காரணி (தரையின் ஆட்டம் கட்டடத்தில் எத்தனை மடங்காகிறது என்பது) 2.5தான். அதற்காக மண்ணைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். அஸ்திவாரத்துக்கு அது வேறு கதை.

சாதாரணச் சட்டகத்துக்கு (பில்லர், பீம் கூட்டுக்கு) விசைக் குறைப்புக் காரணி (முறியாமல் வளைந்து தாங்கும் திறனுக்காக விசையை வகுக்கும் எண்) 3, வீட்டுக்கு முக்கியத்துவக் காரணி 1. குணகம் (எடையில் எத்தனை பங்கு பக்கவாட்டு விசை என்பது) = (0.10 ÷ 2) × 2.5 ÷ 3 = 0.0417. அடிவெட்டு விசை 0.0417 × 3300, அதாவது சுமார் 137.5 கிலோநியூட்டன். கிட்டத்தட்ட 14 டன் பக்கவாட்டில் தள்ளுகிறது.

இதைத் தளங்களுக்குப் பிரிக்க, ஒவ்வொரு தளத்துக்கும் எடையை உயரத்தின் (3, 6, 9 மீ.) வர்க்கத்தால் பெருக்குங்கள்: 10,800, 43,200, 72,900. இந்த விகிதத்தில் பிரித்தால் கீழிருந்து மேலாக 11.7, 46.8, 79 கிலோநியூட்டன். எடை குறைந்த மொட்டைமாடிக்குத்தான் பாதிக்கு மேல் போகிறது.

குறைப்புக் காரணியை 3-க்குப் பதில் 5 என்று போட்டால் விசை 82.5 ஆக இறங்கும், கம்பியும் மிச்சம். ஆனால் அந்த 5-ஐப் போட ஐ.எஸ். 13920 சொல்லும் கம்பி விவரம் முழுவதும் இருக்கவேண்டும். ஒன்பது அங்குலப் பில்லரை வைத்துக்கொண்டு 5 போடுவது ஏமாற்று வேலை. அந்தக் குறியீட்டில் பில்லரின் குறைந்தபட்ச அளவே 300 மி.மீ.

படி 3: பிளானில் கோளாறு தேடுங்கள்

‘செட்டிநாடு ஸ்டைல்’ புதுவீட்டுப் பிளான் ஒன்றை எடுங்கள். முகப்பில் இரண்டு தள உயரத்துக்கு நெடும்பில்லர்கள், பின்பக்கம் சுவரும் மாடிப்படியும். நெடும்பில்லரின் விறைப்பு எட்டில் ஒரு பங்கு, பிளேடில் பார்த்ததுதான். விறைப்பு முழுவதும் பின்னால் குவிய, நடுக்கத்தில் வீடு முறுக்கிக்கொள்ளும். மாடிப்படி லேண்டிங் பீம் ஒரு பில்லரின் பாதி உயரத்தில் வந்து சேர்ந்தால் நிலைமை தலைகீழ்: அந்தக் குட்டைத் துண்டு மற்றவற்றைவிடப் பல மடங்கு விசையை இழுத்துக்கொண்டு குறுக்காக வெடிக்கும்.

முற்றத்தையும் பாருங்கள். 108 ச.மீ. தளத்தில் 12 ச.மீ. திறப்பு பெரிதல்ல. அதை ஒட்டியே மாடிப்படித் திறப்பும் வந்து, இடையில் ஒல்லியான ஸ்லாப் பட்டை மட்டும் மிஞ்சினால் அங்கேதான் கிழியும்.

கீழே முழுக்கக் கார் நிறுத்தம், சுவரே இல்லை, மேலே சுவர்கள் என்றால் அது மென்தளம் (மேல்தளங்களைவிட விறைப்பு மிகக் குறைந்த தளம்). 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கி.மீ.க்கும் அப்பால் இருக்கும் அகமதாபாத்தில் இப்படிப்பட்ட அடுக்குமாடிகள் விழுந்தன.

பழைய வளவு வீடுகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவை சுவர் தாங்கும் கட்டடங்கள். சுவர்களைச் சுற்றிக் கட்டும் பெல்ட் உண்டா, தேக்கு உத்திரம் சுவரோடு பிணைந்திருக்கிறதா என்பதே அங்கே கேள்வி. அதற்கு ஐ.எஸ். 4326, 13935 படிக்கவேண்டும்.

படி 4: சைட்டில் ரிங்கைப் பாருங்கள்

கான்கிரீட் போடுவதற்கு முதல்நாள் போங்கள், டேப் எடுத்துக்கொண்டு.

ரிங் என்பது பில்லரின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் கம்பி வளையம். அதன் கொக்கி 135 பாகைக்கு மடங்கி, நுனி பில்லரின் உள்ளே திரும்பியிருக்கவேண்டும். மடக்கிய பின் மிஞ்சும் நீளம் கம்பி விட்டத்தைப்போல ஆறு மடங்கு, 65 மி.மீ.க்குக் குறையக்கூடாது, 8 மி.மீ. ரிங் என்றால் 65. பெரும்பாலும் 90 பாகையில் நிறுத்திவிடுவார்கள், ஏனென்றால் நெருக்கமான கம்பிக்கூட்டுக்குள் நுழைப்பது சுலபம். வெளிக் கான்கிரீட் உதிர்ந்ததும் 90 பாகைக் கொக்கி விரிந்துகொள்ளும், நெடுங்கம்பிகள் வெளியே வளையும்.

பில்லரின் மேல் முனை, கீழ் முனையில் குறைந்தது 450 மி.மீ. நீளத்துக்கு ரிங் இடைவெளி 100 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. பீமும் பில்லரும் சேரும் இடத்துக்குள்ளும் ரிங் தொடர்கிறதா? கம்பி கட்டுபவர்கள் அதிகம் விட்டுவிடுவது இதைத்தான், பீம் கம்பி வந்தபிறகு ரிங்கை நுழைக்க முடியாது. முன்கூட்டியே கோத்து வைக்கச் சொல்லுங்கள். பில்லர் கம்பியின் லேப் (ஒரு கம்பியை அடுத்ததோடு ஒட்டிக் கட்டி நீட்டும் இடம்), ஸ்லாப்புக்கு மேலேயே ஆரம்பிக்காமல் உயரத்தின் நடுப்பாதியில் வரவேண்டும், அதுவும் ஒரே மட்டத்தில் பாதிக் கம்பிகளுக்கு மேல் கூடாது.

இவ்வளவும் கைவந்தபிறகு அதே வீட்டை மென்பொருளில் போடுங்கள். அடிவெட்டு விசை 137.5-ஐ ஒட்டி வரவில்லை என்றால் முதலில் எடைப் பட்டியலைத் திறந்து பாருங்கள். சுவர்ச் சுமை விடுபட்டிருக்கும், அல்லது பீமின் எடை இரண்டு முறை ஏறியிருக்கும்.