புதுப் போனில் கேட்காமலே வரும் 'அருகில் உள்ளவை': பலரும் செய்கிற தவறுகள்

மதுரை மாட்டுத்தாவணியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் 'அருகில் உள்ள ஹோட்டல்கள்' என்று ஒரு நோட்டிஃபிகேஷன். டவுன்ஹால் ரோட்டில் நடந்தால் துணிக்கடைத் தள்ளுபடி. பூட்டிய திரையில் இதுவரை கேள்விப்படாத ஒரு ஆப்பின் படம். புதுப் போனில் இதைப் பார்த்து எரிச்சலாகிறவர்கள் முதலில் செய்வது, திரையை மேலிருந்து இழுத்து லொக்கேஷனை மொத்தமாக அணைப்பதுதான். முதல் தவறும் அதுதான்.

லொக்கேஷனை அணைத்தால் பரிந்துரை நின்றுவிடாது, இடம்தான் மாறும். நெட் இணைப்பின் ஐபி முகவரியை வைத்தே ஊரைக் குத்துமதிப்பாகக் கணிக்கலாம். மொபைல் டேட்டாவில் அந்த முகவரி பல நேரம் நிறுவனத்தின் பெரிய மையம் இருக்கும் ஊரைக் காட்டும். அதனால்தான் மேலூரில் உட்கார்ந்திருப்பவருக்குச் சென்னைக் கடை விளம்பரம் வருகிறது. இதில் இழப்பு உங்களுக்குத்தான்: ஆட்டோ புக் செய்யும்போது நிற்கும் இடம் தானாக விழாது, போன் தொலைந்தால் இப்போது எங்கே இருக்கிறது என்று தேட வழியிருக்காது.

அடுத்த தவறு, வந்த நோட்டிஃபிகேஷனைப் படிக்காமல் தள்ளிவிடுவது. அனுப்பியது யார் என்பதற்கான ஒரே தடயம் அதுதான். ஆண்ட்ராய்டு போனில் தள்ளுவதற்குப் பதில் அதன்மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். எந்த ஆப் அனுப்பியது, அந்த ஆப்பின் எந்த வகை அறிவிப்பு என்பது தெரியும். அந்த வகையை மட்டும் அங்கேயே நிறுத்தலாம். உணவு ஆப்பில் 'சலுகைகள்' வகையை மூடிவிட்டு 'ஆர்டர் நிலை'யை விட்டுவைக்க முடிவது இப்படித்தான். ஏற்கெனவே தள்ளிவிட்டீர்கள் என்றால், செட்டிங்ஸ் > நோட்டிஃபிகேஷன்ஸ் > நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரி போய் அதை ஆன் செய்து வையுங்கள். ஆன் செய்த பிறகு வருவதைத்தான் அது பதிவு செய்யும், பழையதைக் காட்டாது.

ஆண்ட்ராய்டு 12 முதல் பிரைவசி டாஷ்போர்டு என்ற பக்கம் உண்டு. கடந்த 24 மணி நேரத்தில் எந்தெந்த ஆப் எத்தனை மணிக்கு லொக்கேஷனை எடுத்தது என்று நேரவாரியாக அது காட்டும். நீங்கள் தூங்கிய நேரத்தில் ஒரு ஷாப்பிங் ஆப் எடுத்திருந்தால் ஆள் கிடைத்துவிட்டது. போனுக்குப் போன் மெனு மாறும் என்பதால், செட்டிங்ஸ் மேலே உள்ள தேடல் பெட்டியில் பெயரைத் தட்டித் தேடுவதே சுலபம்.

மேப்ஸ் அனுப்புவது தனி ரகம். 'இந்த இடம் எப்படி இருந்தது?' என்று கேட்பது பெரும்பாலும் அதுதான். 2018 முதல் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. வாசலில் ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். நீங்கள் சாமி கும்பிட்டு வரும் வரை போன் அங்கேயே கிடக்கும். போனைப் பொறுத்தவரை நீங்கள் சித்திரை வீதியில் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்கிறீர்கள். போகாத கடைக்கு மதிப்பெண் கேட்டு அறிவிப்பு வந்தால் யாரோ வேவு பார்ப்பதாகப் பதற வேண்டாம். மேப்ஸில் உங்கள் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸ் > நோட்டிஃபிகேஷன்ஸ் போய் அந்த வகைகளை அணைத்தால் போதும்.

பெர்மிஷனில் நடக்கும் தவறு இரண்டு பக்கமும் உண்டு. கேட்ட ஆப்புக்கெல்லாம் 'எப்போதும்' கொடுப்பவர்கள் ஒரு பக்கம், கோபத்தில் எல்லாவற்றுக்கும் 'வேண்டாம்' போடுபவர்கள் இன்னொரு பக்கம். செட்டிங்ஸ் > லொக்கேஷன் > ஆப் பெர்மிஷன்ஸ் திறந்து, 'எப்போதும்' பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். பெரும்பாலானவற்றுக்கு 'பயன்படுத்தும்போது மட்டும்' போதும். வீட்டாருடன் மேப்ஸிலோ வாட்ஸ்அப்பிலோ லைவ் லொக்கேஷன் பகிர்கிறவர்கள் அந்த ஆப்பை மட்டும் 'எப்போதும்' பட்டியலில் விட்டுவைக்கலாம்.

ஆண்ட்ராய்டு 12-லிருந்து துல்லிய இடம், தோராய இடம் என்றும் பிரித்துக் கொடுக்கலாம். தோராயம் என்றால் ஏறத்தாழ 3 சதுர கிலோமீட்டருக்குள் எங்கோ என்றுதான் ஆப்புக்குத் தெரியும். செய்தி, வானிலை, ஷாப்பிங் ஆப்களுக்கு அது தாராளம். ஆட்டோ, டெலிவரி ஆப்புக்குத் தோராயம் போடாதீர்கள். நீங்கள் கோரிப்பாளையத்தில் நிற்க, வைகைக்கு அந்தப் பக்கம் சிம்மக்கல்லில் புள்ளி விழும். டிரைவர் பாலம் சுற்றி வந்து உங்களைத்தான் திட்டுவார்.

வைஃபையை அணைத்தால் இடம் தெரியாது என்பதும் தப்புக் கணக்கு. லொக்கேஷன் சர்வீசஸ் உள்ளே வைஃபை ஸ்கேனிங், புளூடூத் ஸ்கேனிங் என இரண்டு சுவிட்ச் தனியாக இருக்கின்றன. வைஃபை அணைந்திருந்தாலும் சுற்றியுள்ள கடைகளின் ரவுட்டர்களைப் பார்த்து இடத்தைக் கணிக்க முதல் சுவிட்ச் உதவும். மாசி வீதிகள் மாதிரி நெருக்கமான கடைத்தெருவில் இது நன்றாகவே வேலை செய்யும். இரண்டையும் அணைத்தால் கட்டடங்களுக்குள் துல்லியம் குறையும், அவ்வளவுதான்.

பூட்டிய திரையிலும் போல்டரிலும் வரும் ஆப் பரிந்துரைகளுக்கு லொக்கேஷன் பெரும்பாலும் காரணமே இல்லை. போன் தயாரித்த நிறுவனம் வைத்த கடை அது. பூட்டுத் திரையில் படமும் விளம்பரமும் காட்டும் கிளான்ஸ் இருந்தால் லாக் ஸ்கிரீன் செட்டிங்ஸில் அணைக்கலாம். சியோமி போன்களில் போல்டரைத் திறந்து அதன் பெயரைத் தொட்டால் பரிந்துரைக்கான சுவிட்ச் தெரியும். அதோடு 'ஆதரைசேஷன் அண்ட் ரிவோகேஷன்' பக்கத்தில் விளம்பரங்களைக் காட்டும் எம்எஸ்ஏ என்பதையும் அணைக்க வேண்டும். நெட் ஆனில் இருக்க வேண்டும். அணைக்கும் பட்டன் 10 விநாடி கழித்துத்தான் வேலை செய்யும். முதல் முறை 'முடியவில்லை' என்று சொன்னாலும் விடாமல் மறுபடி அழுத்துங்கள்.

இதெல்லாம் பெரும்பாலும் கடையிலேயே தொடங்குகிறது. பில் போட்டதும் கடைப் பையன் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்திப் போனைத் தயாராக்கிக் கொடுத்துவிடுவார். கூகுள் பக்கத்தில் லொக்கேஷனும் ஸ்கேனிங்கும் முன்பே ஆனில் இருக்கும்; விருப்பப்பட்டால் மட்டும் டிக் போட வேண்டிய பெட்டிகளிலும் டிக் விழுந்திருக்கும். அந்த ஐந்து நிமிடம் போனை உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்போது விட்டுவிட்டு, பிறகு போனை முழுசாக ரீசெட் செய்வதில் அர்த்தமில்லை. அதே கேள்விகள்தான் திரும்ப வரும். கவனித்துப் பதில் சொன்னால்தான் பலன்.

1909-க்கு எஸ்எம்எஸ் அனுப்பி டிஎன்டி ('தொந்தரவு செய்யாதே' பதிவு) போடுவது விளம்பர அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும்தான். ஆப் நோட்டிஃபிகேஷனை அது தொடாது. கூகுள் ப்ளே சர்வீசஸை முடக்கினால் பாதி ஆப்கள் தடுமாறும். இவற்றையெல்லாம்விட மோசமானது, 'நோட்டிஃபிகேஷன் பிளாக்கர்' என்று பெயர் தெரியாத ஆப்பை இறக்குவது. அது கேட்கும் அனுமதியே எல்லா அறிவிப்புகளையும் படிப்பதற்குத்தான்; பேங்க் ஓடிபியும் அதில் வரும்.

பரிந்துரையின் ஓரத்தில் ஏதாவது ஒரு வெப்சைட் பெயர் தெரிந்தால் வேலை குரோமில். சைட் செட்டிங்ஸ் > நோட்டிஃபிகேஷன்ஸ் பட்டியலில் தெரியாத தளங்களை நீக்குங்கள். லொக்கேஷன் பட்டியலையும் ஒரு பார்வை பாருங்கள்.

ஐபோன் என்றால் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி > லொக்கேஷன் சர்வீசஸ் போய், ஆப் பட்டியலோடு நின்றுவிடாமல் அடிவரை இறங்குங்கள். சிஸ்டம் சர்வீசஸ் என்று ஒன்று இருக்கும். இடம் சார்ந்த பரிந்துரைகளுக்கான சுவிட்ச் அதற்குள்தான். சிரி செட்டிங்ஸில் லாக் ஸ்கிரீன் பரிந்துரைகளைத் தனியாக அணைக்க வேண்டும்; ஒன்றை அணைத்தால் மற்றது தானாக அணையாது.