கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கில் வாகனம் ஓட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களுக்கு எல்லையாக ஓடும் கொலம்பியா ஆறு, கேஸ்கேட் மலைத்தொடரை அறுத்துக்கொண்டு சுமார் 80 மைல் நீளமுள்ள பள்ளத்தாக்கை உண்டாக்கியிருக்கிறது. தென்கரையில் ஐ-84 விரைவுச்சாலையும், வடகரையில் வாஷிங்டன் மாநில நெடுஞ்சாலை 14-உம் செல்கின்றன. வரைபடத்தில் இவ்விரண்டும் ஒட்டியே தெரிவதால், நினைத்த இடத்தில் அக்கரைக்குப் போய்விடலாம் என்று எண்ணுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. போர்ட்லண்டின் கிழக்கு ஓரத்திலுள்ள ஐ-205 பாலத்தைத் தாண்டிவிட்டால், கேஸ்கேட் லாக்ஸ் ஊர் வரும்வரை ஏறத்தாழ 35 மைலுக்கு வாகனப் பாலமே கிடையாது. ஐ-84-இன் வெளியேறும் வழிகளுக்கு மைல் கணக்கிலேயே எண் இடப்பட்டிருப்பதால், கேஸ்கேட் லாக்ஸுக்கு 44, ஹூட் ரிவருக்கு 64, த டேல்ஸுக்கு 87, பிக்ஸுக்கு 104 எனப் பாலம் உள்ள நான்கு ஊர்களின் எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால், ஒரு பாலத்தைத் தவறவிட்டால் அடுத்தது எத்தனை மைலில் வரும் என்பதை வண்டியில் இருந்தபடியே கணக்கிட்டுவிடலாம்.

பாலம் எங்கே என்று தெரிந்தால் மட்டும் போதாது. அது எப்படிப்பட்டது என்பதும் தெரிய வேண்டும். 1924-இல் திறக்கப்பட்ட ஹூட் ரிவர் பாலத்தில் ஒரு தடத்தின் அகலம் ஒன்பதரை அடிகூட இல்லை. அமெரிக்கச் சாலைகளில் அனுமதிக்கப்பட்ட வாகன அகலமோ எட்டரை அடி. பக்கக் கண்ணாடிகள் அந்த அளவுக்கும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்பதால், பெரிய வேனையோ இழுவை வண்டியையோ ஓட்டி வருபவர், எதிரே லாரி வரும்போது நடுக்கோட்டை ஒட்டிச் செல்வது வம்பை விலைக்கு வாங்குவதாகும். பாலத்தின் தளம் கான்கிரீட் அல்ல, எஃகுச் சட்டகம். சக்கரம் ஏறியதுமே ரீங்காரம் கேட்கும், கம்பிகளின் இடைவெளியில் ஆறு தெரியும். இருசக்கர வாகனம் அதன்மீது இப்படியும் அப்படியும் லேசாக அலையும். அது இயல்புதான், பதறிப்போய்க் கைப்பிடியை இறுக்குவதும் திடீரென்று பிரேக் போடுவதுமே ஆபத்து. நடப்பவர்களுக்கும் மிதிவண்டிகளுக்கும் அங்கே இடமில்லை.

கேஸ்கேட் லாக்ஸில் உள்ள ‘பிரிட்ஜ் ஆஃப் த காட்ஸ்’ (1926) பாலத்தின் தளமும் எஃகுச் சட்டகமே, ஆனால் அங்கே நிலைமை வேறு. மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை செல்லும் பசிபிக் கிரெஸ்ட் நடைப்பாதை இப்பாலத்தின் வழியாகத்தான் ஆற்றைக் கடக்கிறது. தனி நடைமேடை இல்லாததால், முதுகில் சுமையுடன் வருபவர்கள் வாகனத் தடத்திலேயே நடப்பார்கள் என்பதை ஓட்டுநர் எதிர்பார்த்தே ஏற வேண்டும். இவ்விரு பாலங்களிலும் சுங்கம் உண்டு. த டேல்ஸிலும் பிக்ஸிலும் இல்லை. கனரக வாகனம் ஓட்டுபவர்கள் எடை வரம்பை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது அவசியம்.

1913-க்கும் 1922-க்கும் இடையே சாமுவேல் லங்காஸ்டர் என்ற பொறியாளரின் திட்டப்படி உருவான பழைய கொலம்பியா நெடுஞ்சாலையை ஐ-84-க்கு மாற்றுவழியாகக் கருதுவது இன்னொரு தவறு. ஏற்றம் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வகுத்துக்கொண்டு, மலையைச் சுற்றிச் சுற்றி இறக்கிய சாலை அது. அவசரக்காரர்களுக்கு அது ஏற்றதல்ல. தவிரவும் அது தொடர்ச்சியாக இல்லை. போர்ட்லண்டுக்குக் கிழக்கேயுள்ள டிரவுட்டேலிலிருந்து ஐன்ஸ்வொர்த் வரையும், மோசியரிலிருந்து த டேல்ஸ் வரையும் கார் செல்லலாம். இடையே மீட்டெடுக்கப்பட்ட பகுதிகள், மோசியர் இரட்டைச் சுரங்கங்கள் உட்பட, நடப்பவர்களுக்கும் மிதிவண்டிகளுக்கும் மட்டுமே.

ஐ-84-இல் மல்ட்னோமா அருவிக்கான 31-ஆம் எண் வெளியேறும் வழி இடப்பக்கமாகப் பிரிகிறது. வாகன நிறுத்துமிடம் இரு திசைத் தடங்களுக்கும் நடுவே இருப்பதே காரணம். வலத்தடத்தில் வந்துவிட்டுக் கடைசி நொடியில் குறுக்கே பாய்வதைவிட, அடுத்த வழிவரை போய்த் திரும்புவது மேல். கோடை மாதங்களில் அந்த நிறுத்துமிடத்துக்கு நேரம் குறித்த முன்பதிவு கேட்கப்படுவதால், அதைப் பார்க்காமல் கிளம்புவதும் வீண்.

காற்றைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். கோடையில் உள்நாட்டுச் சமவெளி சூடேறுவதால் கடல் பக்கமிருந்து மேற்குக் காற்று அடிக்கும். குளிர்காலத்தில் கிழக்கே தேங்கிய கடுங்குளிர்க் காற்று இதே இடுக்கு வழியாக மேற்கே பாயும். அதன்மீது மழை பெய்தால் விழுந்த துளி சாலையிலேயே உறைந்து, கண்ணுக்குப் புலப்படாத பனிப்படலம் ஆகிவிடும். போர்ட்லண்டில் வெறும் மழைதானே என்று நம்பிப் புறப்பட்டவர்கள் டிரவுட்டேலைத் தாண்டியதும் சறுக்குவது இதனால்தான். ஓரிகன் போக்குவரத்துத் துறையின் ‘டிரிப்செக்’ தளத்தில் சாலைக் கேமராப் படங்கள் கிடைக்கின்றன. நவம்பர் முதல் மார்ச் வரை அவற்றைப் பார்த்துவிட்டு, டயர் சங்கிலியையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.