ஊரை லினோவில் செதுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இடம்பெயர்ந்த கதை இல்லாத தமிழ் வீட்டைக் கொழும்பில் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் லினோ அச்சு, அதாவது லினோலியத் தகட்டில் படம் செதுக்கி மை பூசித் தாளில் எடுக்கும் அச்சு, பழகும் பிள்ளைகள் சீக்கிரமே ஊரைச் செதுக்க ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் ஒற்றைப் பனை, முள்வேலி, ஒரு சூட்கேஸ் வந்ததும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். இதுதான் பெரிய தவறு.

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் தலைமன்னாரில் கப்பலேறிய மலையகத்தார், 1990 அக்டோபரில் புலிகள் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்கள், 1995 அக்டோபர் 30 இரவு நாவற்குழிப் பாலத்தில் நெரிபட்டு நடந்த வலிகாமத்துச் சனம், எல்லாரையும் ஒரே பனைக்குக் கீழே நிறுத்த முடியாது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவரின் ஊரில் பனையே கிடையாது. யாருடைய ஊரைச் செதுக்குகிறீர்களோ அவரிடம் கேளுங்கள்: படலை எந்தப் பக்கம் திறக்கும்? கிணறு எங்கே இருந்தது?

கேட்டபின் இன்னொரு தவறு காத்திருக்கிறது. அச்சில் இடம் வலமாகும். முற்றத்துக்கு இடப்பக்கம் இருந்த கிணறு வலப்பக்கம் போய்விடும். அந்த வீட்டில் வாழ்ந்த அம்மா பார்த்த உடனேயே, "கிணறு இந்தப் பக்கம் இல்லையே மோனை" என்பார். ட்ரேசிங் தாளில் வரைந்து, அதைத் திருப்பிப் போட்டு, காபன் தாள் வைத்து லினோவுக்கு மாற்றுங்கள். எழுத்துக்கும் இதேதான். கறுப்பாக விழ வேண்டிய எழுத்தில் புள்ளி சின்னத் தீவாக நிற்கும், உளி சற்று வழுக்கினாலும் பெயர்ந்துவிடும். ஊர்ப் பெயரில் புள்ளி போனால் பெயரே மாறிப்போகும். அதனால் புள்ளியைச் சுற்றி அகலமாக விட்டுவைத்து, அந்த மிச்சத்தைக் கடைசியில் செதுக்கி எடுங்கள்.

மையை உருளையில் மெல்லிசாக எடுங்கள், இல்லாவிட்டால் நுண்கோடுகள் அடைபட்டுவிடும். ஐப்பசி மழையில் எண்ணெய் மை காய நாள் எடுக்கும். அவசரப்பட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள்.

ஒரே பலகையைச் செதுக்கிச் செதுக்கிப் பல நிறம் போடுபவர்கள் முதல் நிறத்திலேயே கூடுதல் பிரதி எடுத்துவிட வேண்டும். வெட்டிய பிறகு திரும்ப வழியில்லை. பிரதி எண்ணை 3/15 (பதினைந்தில் மூன்றாவது) எனப் பென்சிலில் எழுதிவிட்டால் பதினாறாவது எடுக்கக் கூடாது.

காணி உறுதியில் உள்ள பெயர், காணாமல்போன பிள்ளையின் முகம், இவற்றை வீட்டாரிடம் கேட்காமல் செதுக்காதீர்கள். சொந்தப் பெரியம்மாவாக இருந்தாலும் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றால் முதல் பிரதியை அவர்களிடம் கொடுத்துவிட்டு, அப்புறம் கண்காட்சிக்குக் கொண்டுபோகலாம்.