கேம்பர் கூரையைத் தூக்க ட்ரில் போதும்

அமெரிக்காவில் பாப்-அப் கேம்பர் (காரின் பின்னால் இழுத்துச் சென்று, கூரையை உயர்த்தினால் கூடாரமாக விரியும் வண்டி) வைத்திருப்பவர்களுக்குக் கை கடுக்கும் வேலை, கூரையை ஏற்றக் கைப்பிடியைச் சுற்றுவதுதான். அந்தக் கைப்பிடி மாட்டும் வின்ச் (கம்பி வடத்தைச் சுருட்டிக் கூரையைத் தூக்கும் பொறி) தண்டுக்குப் பொருந்தும் சாக்கெட்டை 18 வோல்ட் கார்ட்லெஸ் ட்ரில்லில் மாட்டிவிட்டால் வேலை சுலபம். கேம்பரின் கையேடு ட்ரில் கூடாது என்றால் மட்டும் விட்டுவிடுங்கள்.

முதலில் நான்கு மூலைக் கொக்கிகளையும் கழற்றுங்கள். ட்ரில்லின் கியரை 1-இல் வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். இம்பாக்ட் டிரைவர் (தட்டித் தட்டிச் சுழற்றும் கருவி) வேண்டவே வேண்டாம். ட்ரில்லின் கிளட்ச்சை (விசை மிஞ்சினால் நழுவவிடும் வளையம்) குறைவிலிருந்து தொடங்கி, கூரை எழும்பும் அளவுக்கு மட்டும் கூட்டுங்கள். எங்காவது சிக்கினால் ட்ரில் ‘கடகட’வென்று நழுவிக்கொள்ளும், கம்பி வடம் தப்பிக்கும்.

கடைசி அரை அடியைக் கையாலேயே ஏற்றுங்கள். வடம் விறைப்பது மோட்டாருக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். அப்புறம், இறக்கும்போது கூடாரத் துணி நடுவில் மாட்டாமல் இன்னொருவர் பார்த்துக்கொள்ளட்டும்.